சீயக்காய் தேய்த்துக் குளித்த மட்டைகள்

அந்த வயதில் எனக்கு மூக்கின் மேல் கோபம். அதைச் செலவழிக்க ஹாக்கி மைதானம் ஒன்று கிடைத்ததால் வீட்டில் இருந்தவர்கள் பிழைத்தார்கள். யுத்தம் தொடங்குவதற்கு முந்தின சில வருஷங்கள் மதுரையில் ஒரு கல்லூரியில் படித்தேன் என்று சொல்வதைவிட, அங்கே ஹாக்கி ஆடினேன் என்று சொல்வதுதான் நியாயம். வாங்கிய மார்க்குகளும் அதையேதான் சொல்லும்.

தென்ஜில்லாக் கல்லூரிகளுக்குள் வருஷா வருஷம் போட்டி நடக்கும். வந்து போன அணிகளை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பெருமையாக இருக்கிறது. பாளையங்கோட்டைக்காரர்கள் ஆடும்போது ஒருவரையொருவர் கூப்பிடவே மாட்டார்கள். ஒரு சீட்டிதான் கேட்கும், பந்து போய்ச் சேர்ந்திருக்கும். நாகர்கோவில் அணி மழையில் ஆடிப் பழகியது. எங்கள் செம்மண் புழுதியில் ஈரத்துண்டைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு ஆடுவார்கள். மூன்று கோல் போட்டுவிட்டு, வெயில் தாங்கவில்லை என்று நம்மிடமே குறைபட்டுக்கொள்வார்கள். திருச்சி அணி எல்லாருக்கும் மேலே. ரயிலில் மூன்றாம் வகுப்பில் இரவெல்லாம் உட்கார்ந்தே வந்து, எங்கள் வகுப்பறைப் பெஞ்சுகளைச் சேர்த்துப் போட்டுப் படுத்து எழுந்து, சாயங்காலம் நம்மை ஓட ஓட விரட்டுவார்கள். தோற்கடித்த பிறகு அவர்கள் பேசும் மரியாதையைப் பார்த்தால் தோற்றதுகூட மறந்துவிடும்.

எங்கள் கேப்டனுக்கு மட்டும் மறக்கவில்லை. சிம்மக்கல்காரர், என்னைவிட இரண்டு வயது மூத்தவர், நடு ஹாஃப், அதாவது களத்தின் நடுவில் நின்று பந்தைப் பங்கிடுகிறவர். நான் அவருக்கு வலப்பக்கத்தில் ஆடினேன். பந்து அவர் காலடிக்கு வந்துவிட்டால் எங்கள் பத்துப் பேருக்கும் மூச்சு வரும். அப்படி ஒரு நிதானத்தை நான் வேறு எவரிடமும் பார்த்ததில்லை. அவர் முதல் வருஷம் திருச்சியிடம் கடைசிப் போட்டியில் தோற்றார், இரண்டாம் வருஷமும் தோற்றார். இது மூன்றாம் வருஷம். பரீட்சை முடிந்ததும் அப்பாவின் மண்டிக்குப் போய் உட்கார வேண்டும், அதற்குப் பிறகு மட்டையைத் தொட முடியாது என்பது அவருக்கும் எங்களுக்கும் தெரியும். இந்தத் தடவையும் எங்கள் அணியும் திருச்சி அணியும்தான் கடைசிப் போட்டிக்கு வந்திருந்தோம். சனிக்கிழமை சாயங்காலம் ஆட்டம்.

புதன்கிழமை கேப்டன் என்னிடம், "மாப்ள, வெயில்ல மட்டையெல்லாம் காஞ்சு கிடக்கு. லேசா எண்ணெய் தடவி வையி, வெடிச்சிரப் போகுது" என்றார். மட்டைக்கென்று மெட்ராஸிலிருந்து ஓர் எண்ணெய் வரும். துணியில் நாலு சொட்டு விட்டுத் துடைக்க வேண்டும், அவ்வளவுதான். பார்த்தால் புட்டியில் எண்ணெய் தீர்ந்திருந்தது. எனக்கோ அந்தத் தடவல் வேலையின் மேலேயே மதிப்புக் கிடையாது. கீழக்குயில்குடிக்கு அப்பால் எங்கள் ஊர். நாங்கள் தலைமுறை தலைமுறையாக மண்ணைக் கிளறுகிறவர்கள். ஏர்க்காலுக்கும் நுகத்தடிக்கும் எண்ணெய் போடுவது எப்படி என்று எனக்கா தெரியாது என்கிற திமிர் வந்தது. பத்து மட்டைகளைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு ஊருக்குக் கிளம்பினேன். வழியில் ஒருவர் நிறுத்தி, கரும்பு கட்டு என்ன விலை என்று கேட்டார்.

ஊர்ச் செக்கில் அன்றைக்கு எள் ஆடிக்கொண்டிருந்தது. செக்காட்டும் அண்ணன் மட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இம்புட்டு வளைஞ்ச கட்டைய வச்சு என்னடா செய்வீங்க?"

"பந்து அடிப்போம்ணே. இத எண்ணெயில முங்க வைக்கணும்."

"எம்புட்டு நேரம்?"

"நாளைக்கு ராத்திரி வரைக்கும் கிடக்கட்டும்ணே. நல்லாக் குடிக்கட்டும்."

அவர் தொட்டியைக் காட்டிவிட்டார். கருப்பட்டி போட்டு ஆட்டிய நல்லெண்ணெய். வாசனையே சாப்பிடச் சொல்லும். பத்து மட்டைகளும் பிடியோடு முழுக்க முங்கிக் கிடந்ததைப் பார்த்து எனக்கு அப்படி ஒரு திருப்தி. வெள்ளிக்கிழமை எடுத்துத் துடைத்து, விளையாட்டு அறையில் வரிசையாகச் சாத்தி வைத்தேன். கேப்டன் வந்து பார்க்க வேண்டும், முதுகில் தட்ட வேண்டும் என்று ஆசை வேறு.

சனிக்கிழமை காலையில் அறையைத் திறந்தால் சுவரெல்லாம் எறும்பு. கருப்பட்டி வாசனைக்கு மதுரையில் உள்ள எறும்பெல்லாம் வந்திருந்தது. அதுகூடப் பரவாயில்லை, தட்டிவிட்டிருக்கலாம். மட்டைப்பிடிக்குள் பிரம்புக்கு நடுவே ரப்பர் வைத்திருப்பார்கள். ஏர்க்காலில் ரப்பர் கிடையாது, ஆகவே எனக்கு அது தோன்றவே இல்லை. எண்ணெய் குடித்த ரப்பர் ஊறிக் களியாகியிருந்தது. மேலே சுற்றியிருந்த நூல் தளர்ந்து, பிடித்தால் கைக்குள் மட்டை தானாகத் திரும்பியது.

கேப்டன் ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துப் பார்த்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் எனக்கும் நன்றாக இருந்திருக்கும்.

"உருப்படியா எத்தனைடா தேறும்?" என்றார்.

"நாலுண்ணே. நான் கொண்டு போகாத நாலு."

"சரி. எண்ணெயப் போக்குற வழியப் பாப்போம்."

எண்ணெயைப் போக்க எங்களுக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். விடுதிச் சமையல்காரரிடம் கெஞ்சி ஒரு குண்டான் சீயக்காய் வாங்கி வந்தோம். கிணற்றடியில் அணி முழுவதும் உட்கார்ந்து பத்து மட்டைகளுக்கும் தலை தேய்த்துவிட்டுக்கொண்டிருந்தபோது, ரயிலடியிலிருந்து திருச்சி அணி படுக்கையைச் சுமந்துகொண்டு உள்ளே வந்தது. எதிராளி முன்னால் இப்படி மாட்டிக்கொள்வதைவிட நான் கிணற்றுக்குள்ளேயே குதித்திருக்கலாம்.

அவர்களுடைய கேப்டன் நெட்டையான ஆள், பின்காப்பு ஆடுகிறவர். கொஞ்ச நேரம் நின்று பார்த்தார்.

"என்னங்க, மட்டைக்கு எண்ணெய்க் குளியலா?"

"ஆமாங்க. இன்னைக்குச் சனிக்கிழமைல்ல" என்றார் எங்கள் கேப்டன், முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல்.

அந்த ஆள் சிரித்தார். பிறகு போய்ப் படுக்கையைப் பிரித்து ஐந்து மட்டைகளோடு திரும்பி வந்தார். அவர்கள் கொண்டுவந்தது மொத்தம் பதினாறு. உபரியாக இருந்ததை அப்படியே எங்களிடம் கொடுத்துவிட்டார். அதுமட்டுமில்லை, அந்த ஐந்தில் ஒன்றைத் தான் எடுத்துக்கொண்டு, அதற்குப் பதிலாகத் தன் கையில் பழகிய நல்ல மட்டையை எங்கள் கேப்டனிடம் நீட்டி, "நடு ஹாஃபுக்கு நல்ல மட்டை வேணும்ங்க. எனக்கு எது இருந்தாலும் போதும்" என்றார். அந்தப் பெருந்தன்மையை நினைத்தால் எனக்கு இப்போதும் உடம்பு சிலிர்க்கிறது.

எங்கள் நாலும் அவர்கள் ஐந்துமாக ஒன்பது ஆயிற்று. குளித்த மட்டையில் ஒன்று கோல் காப்பவருக்குப் போதும், அவர் காலால்தான் தடுப்பார். இன்னும் ஒன்று யாருக்கு? நான் ஆடவில்லை, வேறு ஆளை எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். கேப்டன், "கெடுத்தது நீ. அந்த மட்டையோட நீதான் ஆடணும்" என்று என் கையில் ஒன்றைத் திணித்தார். அன்றைக்கு அவர் எனக்குக் கொடுத்த தண்டனை அது மட்டும்தான். அது சரியான தண்டனை.

ஆட்டம் அருமையாக இருந்தது. கேப்டனும் அந்த மட்டையும் பிறந்ததிலிருந்தே ஒன்றாகத் திரிந்த மாதிரி ஆடினார். முதலில் நாங்கள் ஒரு கோல் போட்டோம். பிறகு அவர்கள் ஒன்று போட்டார்கள். அம்பயர் கடிகாரத்தைப் பார்த்து இன்னும் ஐந்து நிமிஷம் என்றபோது, எங்கள் ஆள் அடித்த பந்தைத் தடுத்த திருச்சிக் கேப்டனின் மட்டை நடுவில் பிளந்துபோனது. பந்து பக்கக் கோட்டைத் தாண்டி வெளியே ஓடிற்று. பந்தை உள்ளே உருட்டும் முறை எங்களுடையது.

அவர் ஓரத்துக்கு ஓடினார். அங்கே எங்களுடைய குளித்த மட்டைகளைத் தவிர மாற்று மட்டை இல்லை. அவர்களுடைய உபரி முழுவதும் எங்கள் கைகளில் இருந்தது. கையை விரித்துக்கொண்டு திரும்பி வந்து தன் இடத்தில் நின்றார். பந்தை உடனே உருட்டிவிட்டால் போதும், அவர் காக்கும் பக்கம் திறந்து கிடந்தது. "உருட்டச் சொல்லுங்கண்ணே" என்று நான் கத்தினேன்.

கேப்டன் பந்தைக் காலால் நிறுத்தினார். நடந்துபோய்த் தன் கையிலிருந்த மட்டையை அதன் சொந்தக்காரரிடம் கொடுத்தார். திரும்பி வந்து, "உன்னதக் குடுடா" என்று என்னிடம் வாங்கிக்கொண்டார். நான் ஓரத்துக்கு ஓடி, குளித்த மட்டைகளில் இன்னொன்றை எடுத்துவந்தேன்.

கடைசி நிமிஷத்தில் திருச்சிக் கேப்டன் அந்த மட்டையால் நீளமாக ஒன்று அடித்தார். எங்கள் கேப்டன் சரியான இடத்தில் சரியாகக் குனிந்து நின்றார். அந்த மாதிரிப் பந்தை நூறு தடவை அவர் நிறுத்தியிருப்பார். மட்டை கைக்குள் திரும்பிக்கொண்டது. பந்து அவரைத் தாண்டி அவர்கள் ஆளிடம் போய், அங்கிருந்து எங்கள் கோலுக்குள் போனது.

கை குலுக்கி, கோப்பையை வாங்கியவர்களுக்குக் கை தட்டி எல்லாம் முடிந்த பிறகு, கிணற்றடியில் அவர் தனியாகக் கால் கழுவிக்கொண்டிருந்தார். நான் போய் நின்றேன். அழுகிறார் என்று அப்போதுதான் தெரிந்தது.

"அண்ணே, என்னாலதான்ணே."

"மட்டையக் கெடுத்ததச் சொல்றியா? அது போகட்டும்." மிச்சத் தண்ணீரைக் காலில் ஊற்றினார். "நான் அந்த மட்டையத் திருப்பிக் குடுத்திருக்க வேணாம்டா. அஞ்சே நிமிசம். கையிலயே வச்சிருந்திருக்கலாம்."

நான் வாளியில் தண்ணீர் இறைத்து அவர் பக்கத்தில் வைத்தேன். கொடுத்துவிட்டுச் சந்தோஷமாக நிற்கிறவர் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். அவ்வளவு ஆசையை நெஞ்சில் வைத்துக்கொண்டா அந்த மனுஷர் மைதானத்தைக் கடந்து நடந்து போனார் என்று நினைத்தபோது எனக்கும் அழுகை வந்துவிட்டது.

"யார்ட்டயும் சொல்லிராத மாப்ள" என்றார் முகத்தைத் துடைத்துக்கொண்டே. "அந்தத் திருச்சிக்காரருக்குத் தெரிஞ்சா மனசு கஷ்டப்படும்."