பெயர் எழுதாத டப்பா

ஓசூரில் அறுவை சிகிச்சை முடிந்ததும், வெட்டியெடுத்த சதையை ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு உறவினர் கையில் கொடுத்துவிடுகிறார்கள். "பெங்களூர் லேபுல நீங்களே குடுத்துடுங்க சார்" என்றார் நர்ஸ், ஊறுகாய் கொடுத்தனுப்புவதுபோல. நான் ஓய்வுபெறும்வரை வேலை பார்த்த ஜெர்மனியில் நோயாளியின் வீட்டார் அதைக் கண்ணால்கூடப் பார்க்க முடியாது. இன்னும் அங்கேயே இருக்கும் நண்பர்கள் இதை நம்பமாட்டார்கள்: என் தங்கை செல்வியின் மார்பிலிருந்து எடுத்த கட்டி, அத்திப்பள்ளி நெரிசலில் நின்றுபோன பேருந்தில், என் மடியில் இருந்தது. சதை கெடாமலிருக்க அதைப்போலப் பத்து மடங்கு ஃபார்மலின் திரவம் இருக்கிறதா என்று பார்த்தேன். இருந்தது. குறை சொல்ல எதுவும் கிடைக்காததால் பயம் கூடியது.

வேலைக்காலம் முழுவதும் ஆய்வுக்கூடத்தில் மீன் கருக்களிடம் நான் ஒரே கேள்வியைத்தான் கேட்டேன்: பிறந்த இடத்தை விட்டுக் கிளம்பும் செல், எங்கே நிற்பது என்று எப்படி அறிகிறது? கருவில் அப்படிக் கிளம்பிய செல்களால்தான் முகம் அமைகிறது. வளர்ந்த உடலில் ஒரு செல் அதே வித்தையை மறுபடி கையில் எடுத்தால், புற்றுநோய் பரவுகிறது. "பிறந்த நாகரசம்பட்டியை விட்டுக் கிளம்பி, நிற்கத் தெரியாமல் போன செல் இதோ" என்று கருத்தரங்குகளில் என்னையே காட்டிச் சிரிக்க வைத்திருக்கிறேன். பேருந்தில் அது சிரிப்பாக இல்லை.

லேப் கவுண்டரில் இருந்த பெண் டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஏன் சார், வெறும் நம்பர்தான் இருக்குது. பேரு எங்க?"

லேபிளை நர்ஸிடம் கேட்டு வாங்கி நான்தான் எழுதியிருந்தேன். "பரிசோதிப்பவருக்கு யாருடையதென்று தெரியக் கூடாது. அதுதான் முறை" என்றேன்.

"யார்துன்னே தெரியலன்னா ரிப்போர்ட்ட யாருக்கு சார் குடுக்கறது? பேஷண்ட் உங்களுக்கு என்ன வேணும்?"

"தங்கச்சி."

"மத்தே ஹெசரு பரீரி சார்" என்று கன்னடத்துக்குத் தாவி, பெயர் எழுதப் பேனாவை நீட்டினார். எழுதினேன். எண்ணாக இருந்தவரை அதை மடியில் வைத்திருக்க முடிந்தது.

சில நாள் கழித்து ரிப்போர்ட் வாங்கச் செல்வியும் வந்தாள். நானும் மைக்ராஸ்கோப்பில் செல் பார்ப்பவன்தான் என்று கேள்விப்பட்ட லேப் டாக்டர் கதவைத் திறந்து, "வாங்க சார், ஸ்லைடை நீங்களே பாருங்க" என்றார். அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. அப்படி முகத்தை வைத்துக்கொள்ள நானும் மாணவர்களைப் பழக்கியவன். ஒரு கால் உள்ளே வைத்தேன். வெளியே செல்வி உட்கார்ந்திருந்த பெஞ்சருகே இருந்த மற்ற கால் வரவில்லை.

"என்னாண்ணா, மீனுன்னா மட்டும்தான் பாப்பியா?" செல்வி என்னைத் தாண்டிப் போய் மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்தாள். "ரோசும் ஊதாவுமா, சேல கணக்கா நல்லாத்தான் இருக்குது. இதுல நல்லது எது, கெட்டது எது? நீ வந்து சொல்லுண்ணா."

அவள் தள்ளி நின்று, சேலைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டாள். டாக்டர் நாற்காலியை எனக்காக இழுத்துப் போட்டார். மைக்ராஸ்கோப்பில் பார்க்கும் முன் எப்போதும் செய்வதுபோல மூக்குக்கண்ணாடியைக் கழற்றினேன். ஆனால் கதவுக்கு வெளியே என் இன்னொரு கால், செல்வியின் அண்ணனுடையதாக, இன்னும் பெஞ்சருகிலேயே நின்றது.