திருப்பிப் போட்ட படம்

எக்ஸ்ரே எடுப்பவளுக்குப் பொறுமை கூடாது என்பது என் கட்சி. "மூச்ச நல்லா இழுங்க, புடிங்க, அசையாதீங்க" என்று அதட்டினால்தான் படம் தெளிவாக விழும். கெஞ்சினால் சிரிப்பார்கள். சிரித்தால் நெஞ்சு ஆடும், படம் கலங்கும், பிறகு அந்தப் பழியும் என் தலையில்தான். தலத்தெருவிலிருந்து ஸ்கூட்டியில் வந்து காரைக்கால் டவுனில் ஒரு கிளினிக்கில் பதினாறு வருடமாக இந்த வேலையைப் பார்க்கிறேன். நான் எடுத்த படத்தை எந்த டாக்டரும் சரியில்லை என்று திருப்பி அனுப்பியதில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. கொஞ்சம் என்ன, நிறையவே உண்டு. அந்தக் கர்வம் ஒரு பையனின் உயிருக்கு உலை வைக்கப் பார்த்தது.

வளைகுடாவுக்கு வேலைக்குப் போகிறவர்கள் திருச்சிக்குப் போய் மெடிக்கல் பார்க்க வேண்டும். அங்கே நெஞ்சுப் படத்தில் சின்னதாக ஒரு நிழல் விழுந்தாலும் போதும், 'அன்ஃபிட்' என்று எழுதிவிடுவார்கள். விசாவும் போச்சு, வேலையும் போச்சு. அதனால் எங்கள் ஊரில் ஒரு வழக்கம் உண்டு. திருச்சிக்கு பஸ் ஏறுவதற்கு முன்னால் எங்களிடம் வந்து ஒரு படம் எடுத்துப் பார்த்துக்கொள்வார்கள். நெஞ்சு சுத்தம் என்று எங்கள் டாக்டர் சொன்னால்தான் அங்கே போவார்கள்.

அப்படித்தான் ஒரு திங்கட்கிழமை பள்ளிவாசல் தெருவிலிருந்து ஒரு பையன் தன் உம்மாவோடு வந்தான். பையன் என்கிறேன், வயது இருபத்தாறு. செல்போன் கடையில் வேலை பார்த்தவன். முதல் பயணம். வியாழக்கிழமை திருச்சியில் மெடிக்கல். அதுவரை உடம்புக்கு என்று ஒரு படம்கூட எடுத்ததில்லையாம். சட்டையைக் கழற்றச் சொன்னேன், தாவாயைத் தூக்கி நிறுத்தினேன், வழக்கம்போல அதட்டினேன், எடுத்தேன்.

திரையில் படம் வந்ததும் எனக்கு எரிச்சல் வந்தது. எல்லாம் இடவலம் மாறிக் கிடந்தது. ஒரு நெஞ்சுப் படத்தில் முதலில் பார்ப்பது மூன்று விஷயம். இதயம் நடுவிலிருந்து இடப்பக்கம் சாய்ந்திருக்கும். நுரையீரலுக்குக் கீழே விரிந்திருக்கிற உதரவிதானம் வலப்பக்கத்தில் சற்று உயர்ந்திருக்கும், ஏனென்றால் அதற்கு அடியில் கல்லீரல் உட்கார்ந்திருக்கிறது. இடப்பக்கத்தில் அதற்குக் கீழே இரைப்பையில் இருக்கும் காற்று கறுப்பாக ஒரு குமிழ் மாதிரித் தெரியும். அன்று மூன்றுமே எதிர்ப்பக்கத்தில் இருந்தன.

ஒன்று மட்டும் மாறியிருந்தால் சந்தேகப்பட்டிருப்பேன். எல்லாம் ஒழுங்காக, ஒன்றுகூடப் பிசகாமல் மாறியிருந்ததால்தான் ஏமாந்தேன். மார்புப் பக்கம், முதுகுப் பக்கம் என்று கம்ப்யூட்டரில் தேர்ந்தெடுக்கிற இடத்தில் கை தவறினால் படம் இப்படித்தான் மாறி விழும். பேச்சுவாக்கில் மாற்றித் தட்டிவிட்டேன் என்று நினைத்தேன். முன்பெல்லாம் ஆளின் வலப்பக்கத்தில் 'ஆர்' என்கிற ஈய எழுத்தை ஒட்டி வைத்துத்தான் படம் எடுப்போம். கம்ப்யூட்டர் வந்த பிறகு எழுத்தைப் படத்தின்மேல் தட்டிக்கொள்ளலாம் என்றானதும் அது டிராயருக்குள் போய்விட்டது. எனக்கு அது தேவையில்லை என்ற எண்ணம்தான், வேறென்ன. ஒரு பொத்தானை அழுத்திப் படத்தைத் திருப்பினேன். இதயம் இடப்பக்கம் வந்தது. எழுத்தைப் போட்டு அனுப்பினேன்.

டாக்டர் பார்த்தார், நெஞ்சு சுத்தம் என்றார். உம்மா "அல்ஹம்துலில்லாஹ்" என்று சொல்லி என் கையைப் பிடித்துக்கொண்டார். எனக்கோ உள்ளுக்குள் குறுகுறுப்பு. பதினாறு வருடத்தில் இப்படிக் கவனக்குறைவாக எடுத்ததில்லையே என்று என்னையே திட்டிக்கொண்டு, டிராயரைக் குடைந்து ஈய எழுத்தை வெளியே எடுத்து மேசைமேல் வைத்தேன்.

புதன்கிழமை காலை பத்து மணிக்கு அந்தப் பையன் மறுபடி வந்தான். இந்த முறை உம்மாவின் தோளில் சாய்ந்து, இரண்டாக மடிந்து வந்தான். முந்தின நாள் தொப்புளைச் சுற்றி வலித்ததாம், இப்போது இடப்பக்கம் அடிவயிற்றில் நிற்கிறதாம். இரண்டு தடவை வாந்தி. உடம்பு லேசாகக் கொதித்தது.

டாக்டர் வயிற்றை அழுத்திப் பார்த்தார். "இதே வலி வலது பக்கம்னா கொடல்வாலுன்னு சொல்லிடுவேன். இடது பக்கம்ல இருக்கு. கிட்னி கல்லாத்தான் இருக்கும்" என்றார். "ஒரு படம் எடுத்துப் பாப்போம். ஊசி போடுறேன், தண்ணி நல்லாக் குடிக்கட்டும். வலி அடங்கிடுச்சுன்னா நாளைக்கு திருச்சிக்குப் போயிட்டு வரட்டும்."

அல்ட்ராசவுண்ட் பார்க்கிற டாக்டர் கும்பகோணத்திலிருந்து வருகிறவர், புதன்கிழமை வரமாட்டார். ஆக என் படம்தான் கதி. பையனைப் படுக்க வைத்து, வலது இடுப்புக்குப் பக்கத்தில் ஈய எழுத்தை என் கையால் ஒட்டினேன். எடுத்தேன்.

கல் எதுவும் தெரியவில்லை. ஆனால் கல்லீரலின் நிழல் இடப்பக்கம் கிடந்தது. இரைப்பைக் காற்று வலப்பக்கம் இருந்தது. என் விரல் பழக்கத்தில் அந்தப் பொத்தானுக்குப் போனது. போன விரல் அப்படியே நின்றது. திரையில் ஈய எழுத்து நேராக, படிக்கிற மாதிரி, வலப்பக்கத்தில் நின்றுகொண்டிருந்தது. படம் மாறியிருந்தால் அந்த எழுத்தும் கண்ணாடியில் தெரிவதுபோல மாறியல்லவா இருக்க வேண்டும்?

எழுந்து போய், பையனின் நெஞ்சில் வலப்பக்கம் உள்ளங்கையை வைத்தேன். அங்கேதான் துடித்தது. நன்றாக, அழுத்தமாகத் துடித்தது. இதயமும் கல்லீரலும் இரைப்பையும் இடம் மாறியிருக்கின்றன என்றால் குடலும் மாறித்தான் இருக்கும். குடல்வால் இடப்பக்கம் இருக்கும். இவனுக்கு வலிக்கிற இடத்தில்.

டாக்டரிடம் ஓடினேன். ஓடினேன் என்கிறேனே தவிர, கதவுக்கு வெளியே கொஞ்ச நேரம் நின்றேன் என்பதையும் சொல்ல வேண்டும். இன்றைய படத்தை மட்டும் காட்டினால் போதுமே, திங்கட்கிழமைக் கதையை எடுப்பானேன் என்று புத்தி கணக்குப் போட்டது. அப்படியே செய்தேன்.

"சார், இவருக்கு உள்ள எல்லாமே பக்கம் மாறி இருக்கு. இது கொடல்வாலா இருக்கலாம் சார்."

டாக்டர் படத்தைப் பார்த்தார். பிறகு கம்ப்யூட்டரில் திங்கட்கிழமைப் படத்தைத் திறந்து பக்கத்தில் வைத்தார். "என்னம்மா நீ, பயமுறுத்துற. இதுல ஹார்ட் இடது பக்கம் சரியாத்தானே இருக்கு? இன்னைக்கு எழுத்த மாத்தி ஒட்டியிருப்பே. போ, போயி திரும்ப எடு."

நான் சரிசெய்து வைத்த பொய்யே எனக்கு எதிராகச் சாட்சி சொன்னது. அந்தச் சாட்சியை நம்பினால் பையனை ஊசி போட்டு வீட்டுக்கு அனுப்பிவிடுவார். வலி மட்டுப்பட்டால் நாளை திருச்சி பஸ்ஸில் ஏறிவிடுவான். குடல்வால் வழியிலேயே வெடிக்கும்.

"அது சரியில்ல சார். நான்தான் திருப்பிப் போட்டேன்" என்றேன்.

"என்னது?"

"அன்னைக்கும் வலது பக்கம்தான் இருந்துச்சு. நான் தப்பா எடுத்துட்டேன்னு நெனச்சுத் திருப்பிட்டேன். நெஞ்சுல கைய வச்சுப் பாருங்க சார், தயவுசெஞ்சு."

அவர் என்னைப் பார்த்த பார்வையை மறக்க முடியாது. எழுந்து போய், ஸ்டெதஸ்கோப்பைப் பையனின் இடது மார்பில் வைத்தார். பிறகு வலது மார்பில் வைத்தார். அங்கேயே வெகுநேரம் வைத்திருந்தார். அப்புறம் அவர் செய்ததெல்லாம் வேகம்தான். அறுவை சிகிச்சை செய்கிறவரைப் போனில் கூப்பிட்டார், ஆம்புலன்ஸ் வந்தது, மாலை நாலு மணிக்குள் ஆபரேஷன் முடிந்தது. இன்னும் ஒரு நாள் தாண்டியிருந்தால் வயிறு முழுக்கச் சீழ் பரவியிருக்கும் என்று அங்கே சொன்னார்களாம். எங்கள் டாக்டர் என்னிடம் வந்து, "ரெண்டாவது தடவ சொன்னே பாரு, அதுக்காக விடுறேன். மொதத் தடவ மறைச்சதுக்கு நான் உன்ன என்ன செய்யிறதுன்னு தெரியல" என்றார். நியாயமான பேச்சு. அறைக்குள் வந்து அழுதேன். எனக்கு அழுகை சுலபத்தில் வராது.

பத்து நாள் கழித்து உம்மா மட்டும் வந்தார். பையன் நன்றாக இருக்கிறான், எழுந்து நடக்கிறான். திருச்சிக்குத் தேதி தள்ளி வாங்கியிருக்கிறார்கள். இப்படி மாறி இருப்பது நோய் இல்லை, போகிற இடமெல்லாம் சொல்லி வைத்துக்கொண்டால் போதும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதற்குச் சரியான நெஞ்சுப் படம் ஒன்று கையில் இருக்க வேண்டும் என்று வாங்க வந்திருந்தார்.

திருப்பாத படத்தைப் பிரிண்ட் போட்டு உறையில் வைத்துக் கொடுத்தேன். கொடுத்துவிட்டு, நடந்ததை அவரிடமும் சொன்னேன். யாரும் சொல்லச் சொல்லவில்லை. சொல்லாமல் இருக்க முடியவில்லை. "ஆயிரக்கணக்குல படம் பாத்தவங்க நான். கண்ணு முன்னாடி இருந்ததையே நம்பாமப் போயிட்டேன். மன்னிச்சிடுங்க" என்றேன். திட்டட்டும் என்று காத்திருந்தேன்.

அவர் திட்டவில்லை. படத்தை வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்து வெகுநேரம் பார்த்தார்.

"எனக்குத் தெரியும்மா" என்றார்.

"என்ன தெரியும்?" என்றேன்.

"கைப்புள்ளையா இருந்தப்ப நெஞ்சோட சேத்துத் தூக்குனா, என் துடிப்பும் அவன் துடிப்பும் ஒரே எடத்துலதான் வந்து இடிக்கும். எனக்கு அவன் ஒருத்தன்தானே. எல்லாத் தாய்க்கும் அப்படித்தான் இருக்கும்னு நெனச்சுக்கிட்டேன்."

படத்தை உறைக்குள் வைத்து, முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு போனார்.

அன்று மாலை வீட்டுக்கு வந்ததும், பன்னிரண்டாவது படிக்கிற என் மகளை இழுத்து அணைத்துக்கொண்டேன். "என்னம்மா இது, வேர்வை, விடும்மா" என்று நெளிந்தாள். விடவில்லை. எதிரெதிரே நின்றதால் அவளுடைய இடப்பக்கத்துத் துடிப்பு என் வலப்பக்கத்தில் தெரிந்தது. என்னுடையது இடப்பக்கத்தில் தனியாக அடித்துக்கொண்டிருந்தது. பள்ளிவாசல் தெருவில் இருக்கும் அந்த உம்மாவை நினைத்து எனக்குப் பொறாமையாக இருந்தது.