ஜமால் பாய் காட்டாத மின்னஞ்சல்

கடையைத் திறந்து சாம்பிராணி போட்டுக்கொண்டிருந்தபோது எதிர்க்கடைக்காரர் வந்து சொன்னார்: "பொங்கோல் வீட்டுல நம்ம ஜமால் பாய் தவறிட்டாராம்." அன்று மாலையே அடக்கம். போனேன். ஓரமாகத்தான் நின்றேன், முன்னால் போய் நிற்க எனக்கு முகமில்லை.

சிராங்கூன் சாலை வியாபாரிகள் நம்மில் பலருக்கு மின்னஞ்சல் அமைத்துக் கொடுத்தவர் அவர். எந்தக் கணினியிலும் இணையத்தில் திறந்து பார்க்கலாம். ஆனால் பத்து நிமிடம் தொடாவிட்டால் தானாக மூடிக்கொள்ளும். மறுபடி கடவுச்சொல் கேட்கும். தீபாவளி நெருக்கத்தில், சேலை விரித்த கையோடு அதைத் தட்டித் தட்டி எனக்கு வெறுத்துப்போனது. 'இதை எடுத்துவிடுங்கள், பொறுப்பு என்னுடையது' என்று அவருக்கு மின்னஞ்சல் அனுப்பினேன்.

நேரிலேயே வந்துவிட்டார்.

"அண்ணே, கல்லாப் பக்கம் பத்துப் பேர் வந்து போற இடம் இது. படிக்கத் திறந்தே இருக்கட்டும். அனுப்பும்போது மட்டும் பாஸ்வர்ட் கேக்குற மாதிரி வச்சுத் தர்றேன்."

"என் கடையில நானே கதவத் தட்டிட்டு நிக்கணுமா பாய்? எடுங்க லா!"

"வசதின்னு ஒண்ணு வச்சா அது உங்களுக்கு மட்டும் வசதியா இருக்காதுண்ணே" என்றார். ஆனாலும் எடுத்துக் கொடுத்தார்.

இரண்டே வாரம். கூட்ட நேரத்தில் யாரோ என் கணினியிலிருந்து, என் பெயரிலேயே, சரக்கு வேண்டாமென்று காஞ்சிபுரத்துக்கு எழுதிவிட்டார்கள். எனக்குத் தெரிவதற்குள் சேலைகள் வேறு கடைக்குப் போய்விட்டன. எழுதியது யாரென்று இன்றுவரை தெரியாது.

வியாபாரிகள் கூட்டத்தில் ஆத்திரத்தோடு எழுந்து, "பாய் போட்ட மெயில்ல பூட்டே கிடையாது" என்றேன். அவரும் அங்கே இருந்தார். நான் எழுதிக் கேட்டது அவர் கைப்பேசியிலேயே இருந்தது. எடுத்துக் காட்டியிருந்தால் என் வாய் அடங்கியிருக்கும். காட்டவில்லை. "சரி பண்ணிடுறேன்" என்று மட்டும் சொன்னார். அந்த மாதமே ஐந்து கடைகள் அவரை விட்டுப் போயின.

பிறகொரு நாள் கோப்பிக்கடையில் வெட்கத்தை விட்டுக் கேட்டேன்: "ஏன் பாய் காட்டல?"

தேநீரை ஆற்றியபடி சொன்னார்: "வாடிக்கையாளர் மெயில வெளிய காட்டுற ஆள யாருண்ணே நம்புவாங்க?"

அன்றே உங்கள் எல்லோரிடமும் சொல்லியிருக்க வேண்டும். என் பேர் கெட்டுப்போகும் என்று பேசாமல் இருந்துவிட்டேன். அவர் பேர் கெட்டதைப் பார்த்துக்கொண்டே வியாபாரம் செய்தேன்.

அந்த ஐந்து கடைக்காரர்களுக்கும் இப்போது சொல்கிறேன்: பூட்டைக் கழற்றச் சொன்னவன் நான். பாயின் நினைவாக என்னிடம் மிஞ்சியிருப்பது அவருக்கு நான் அனுப்பிய அந்த இரண்டு வரிதான். சந்தேகம் இருப்பவர்கள் கடைக்கு வாருங்கள். அது என் மின்னஞ்சல், நான் காட்டலாம்.