அப்பாவின் காது

எண்பதுகளின் தொடக்கத்தில் என் அண்ணன் அப்பாவைக் கடையிலிருந்து எழுப்பி வீட்டின் பின்னறையில் உட்கார வைத்தார். கீழமாசி வீதிப் பக்கம் எங்களுக்கு இரும்புச் சாமான் கடை. ஒன்றரை இஞ்சு ஆணி கேட்டவருக்கு அப்பா இரண்டரை இஞ்சு ஆணியை நிறுத்துக் கொடுத்திருக்கிறார். பக்கத்துக் கடைக்காரரின் பெயர் ஒருநாள் வாயில் வரவில்லை. அண்ணனுக்கு அது போதும்.

"வயசாயிருச்சு, புத்தி மங்கிருச்சு. வீட்ல நிம்மதியா இருக்கட்டும்."

நிம்மதியாம்! கப்பலூரில் வாழ்க்கைப்பட்டிருந்த நான் சில மாதம் கழித்து வந்தபோது, அப்பா தாடியும் அழுக்கு வேட்டியுமாகச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். தட்டை வைத்துவிட்டுப் போவார்கள். பேச ஒருவரும் நிற்கமாட்டார்கள்.

"சாப்பிட்டதே ஞாபகம் இருக்காது இவருக்கு" என்று அண்ணி அவர் எதிரிலேயே சொன்னார். அப்பா சிரித்தார். என்ன பேச்சென்று புரியாதவரின் சிரிப்பு அது. எனக்குச் சந்தேகம் தட்டியது. பின்னால் போய் நின்று கூப்பிட்டேன். திரும்பவில்லை. காதருகே குனிந்து, "அப்பா, நான் வந்துருக்கேன்" என்றேன்.

"எப்பம்மா வந்த? மாப்பிள்ளை சௌக்கியமா?" என்றார், தெளிவாக.

அண்ணன் பக்கம் திரும்பினேன். "அண்ணே, இவருக்குக் காது கேக்கல! இம்புட்டுப் பேரு இருக்கீங்க, ஒருத்தருக்குமா தெரியல?"

"இந்த வயசுல டாக்டர்ட்ட காட்டி என்ன ஆகப்போகுது?" என்றார் அண்ணன்.

மறுநாள் காலையில் நானே ரிக்‌ஷா பிடித்து அப்பாவைக் கூட்டிப்போனேன். ரத்தக்கொதிப்பு எக்கச்சக்கமாக ஏறிக் கிடந்தது. காதையும் பார்த்துவிட்டு டாக்டர் சொன்னார்:

"மறதியும் இருக்கும்மா, இல்லைன்னு சொல்லல. போனது முழுசாத் திரும்பாது. ஆனா கொதிப்புக்கு மாத்திரை இல்லாம, காதும் கேக்காம, பேச்சுத்துணை இல்லாம மூலையில உக்கார வச்சா இன்னும் வேகமாப் போகும். நடக்கட்டும். நாலு பேரோட பழகட்டும். கைக்கு ஏதாவது வேலை குடுங்க."

காது மிஷின் வாங்கினோம். சட்டைப்பையில் ஒரு சின்னப் பெட்டி, அதிலிருந்து காதுக்கு ஒரு வயர். அண்ணன் பார்த்துவிட்டு, "அப்பா ரேடியோ மாட்டிட்டு வந்துட்டாரு" என்று சிரித்தார்.

"சிரிங்க. இனிமே அவரு இங்க இருக்க மாட்டாரு" என்று அப்பாவின் துணிகளை அள்ளிக்கொண்டு அன்றே கிளம்பினேன்.

என் கணவரின் லேத் பட்டறையில் அப்பாவுக்கு ஒரு ஸ்டூல் போட்டோம். போல்ட், நட்டுகளை அளவுவாரியாகப் பிரித்தார். வேலையாட்களோடு அரசியல் பேசி மல்லுக்கு நின்றார். மாத்திரைக்கும் காலை நடைக்கும் நான்தான் காவல். பெயர்கள் அவ்வப்போது நழுவத்தான் செய்தன. ஆளை மாற்றி அழைப்பார். ஆனாலும் பல வருஷம் எங்களோடு பேசிச் சிரித்து வாழ்ந்தார்.

ஒருமுறை வந்திருந்த அண்ணன், "நல்லாத்தான இருக்காரு, எதுக்கு அன்னைக்கு அம்புட்டு ஆட்டம் ஆடுன?" என்று கேட்டார். கையிலிருந்த காப்பி டம்ளரை ணங்கென்று வைத்துவிட்டு அடுப்படிக்குள் போனேன்.

கடைசி வருஷத்தில் அப்பாவுக்கு என் பெயரும் மறந்துபோனது. அது நோய், அதோடு நான் சண்டை போட முடியாது. அண்ணனோடு போடலாம். இன்றும் போட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.