நேட்டிவ் என்ற சொல்லும் முக்கால் காணியும்

திருவானைக்காவலில் பஸ் ஏறி உட்கார்ந்தால், காவிரிப் பாலம் தாண்டுவதற்குள் பக்கத்து சீட்டு அம்மாள் கேட்டுவிடுவார்: "உங்களுக்கு நேட்டிவ் எதுங்க?" பெயரைக் கேட்பதற்கு முன்பே இந்தக் கேள்வி வந்துவிடும். வந்த புதிதில் நானும் யோசிக்காமல், "சிலோன்ல அட்டன் பக்கம்" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். "அது பிழைக்கப் போன ஊருங்க. நேட்டிவ் எது?" என்பார். "நான் பிறந்ததே அங்கதாங்க." "பிறந்தது இருக்கட்டும்ங்க, நேட்டிவ் எதுன்னுதான் கேக்கறேன்." நான் ஏதோ மறைக்கிறேன் என்று அவருக்கு ஒரு சந்தேகம். எதை மறைப்பது என்றே தெரியாத எரிச்சல் எனக்கு. அங்கே தேயிலைத் தோட்டத்திலும் முகம் தெரியாதவரைப் பார்த்தால் "எந்தத் தோட்டம்?" என்றுதான் கேட்போம். அங்கே இருக்கிற இடத்தைச் சொன்னால் போதும். இங்கே இருக்கிற இடமும் போதவில்லை, பிறந்த இடமும் போதவில்லை. அந்த அம்மாள் சந்தேகம் தீராமலே மெயின்கார்டு கேட்டில் இறங்கிப் போவார்.

தோட்டத்து லயக் குடியிருப்புகளில் இன்னும் இருக்கிறவர்களுக்கும், தலைமன்னாரில் கப்பல் ஏறி வந்து என்னைப் போல் இங்கே நிற்கிறவர்களுக்கும் இதை எழுதுகிறேன். அங்கே எங்கள் குடியுரிமை மனுவை ஏன் தள்ளினார்கள் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நான் அங்கே பிறந்தது அவர்களுக்குப் பெரிதாகப் படவில்லை. என் அப்பா எங்கே பிறந்தார் என்று கேட்டார்கள். மண்ணச்சநல்லூருக்குப் பக்கத்தில் ஒரு கிராமம் என்று அப்பா நெஞ்சை நிமிர்த்திச் சொன்னார். அப்படியானால் அங்கேயே போங்கள் என்று எழுதிவிட்டார்கள். அம்மாவைத் தேயிலைக்கு நடுவே புதைத்துவிட்டு அப்பாவும் நானும் வந்தோம். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஏழு வருஷம் பாடம் சொல்லிக்கொடுத்தவள் நான். இங்கே தெப்பக்குளத்துக்கு அருகே ஒரு டைப்பிங் கடையில் மற்றவர்களுக்கு வேலை மனு அடித்துக்கொடுக்கிறேன்.

எல்லா மனுவிலும் பெயருக்கும் தகப்பனார் பெயருக்கும் கீழே ஒரு வரி இருக்கும்: நேட்டிவ் பிளேஸ். ஒருவர்கூட அதற்கு ஒரு நிமிஷம் யோசித்ததை நான் பார்த்ததில்லை. லால்குடி, முசிறி, துறையூர் என்று சொல்லிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுவார்கள். பம்பாயில் பிறந்து வளர்ந்து தமிழைக் கடித்துத் துப்பிய ஒரு பையன்கூட "துறையூர்" என்றான். அன்று எனக்குப் பொறுக்கவில்லை. பக்கத்து மெஷினில் இருக்கும் வரதனிடம் அந்தச் சொல்லுக்கு உண்மையில் என்னதான் பொருள் என்று கேட்டேன். வரதன் ஸ்ரீரங்கத்துக்காரர், என் வயதுதான். ஸ்பெல்லிங்கில் தகராறு வந்தால் எடுத்துப் பார்க்க என்று தலையணை மொத்தத்தில் ஒரு பழைய டிக்ஷனரியைக் கடையிலேயே வைத்திருக்கிறார்.

புரட்டிப் பார்த்தோம். பிறப்பது என்ற பொருளுள்ள லத்தீன் வேரிலிருந்து வந்த சொல்லாம் அது. நேஷனும் நேச்சரும் அதே வேரில் வந்தவை. விவரம் தெரியாதவரை நயீவ் என்கிறார்களே, அதுவும் பிரெஞ்சு வழியாகச் சுற்றிவந்த அதே சொல்தான். பழைய இங்கிலீஷில் இன்னொரு பொருளும் இருந்திருக்கிறது: அடிமையாகவே பிறந்தவன், நிலத்தோடு சேர்த்துக் கட்டப்பட்டவன், நிலம் கைமாறினால் கூடவே கைமாறுகிறவன். வரதன் சிரித்துக்கொண்டே, "டிக்ஷனரிக்காரன் பொறந்த எடம்னு போட்டிருக்கான். நம்மவாளுக்கு அது போறாது. நேக்கு நேட்டிவ் அன்பில்னுதான் எழுதுவேன், தாத்தாவோட ஊர். இதுவரைக்கும் ரெண்டே தரம் போயிருக்கேன். ரெண்டு தரமும் பெருமாளைச் சேவிச்சுட்டு சாயங்காலம் பஸ் ஏறிட்டேன்" என்றார். அவருக்கு அது வேடிக்கையாக இருந்ததில் தப்பில்லை. அன்பில்தான் அவர் ஊர் என்பதற்கு அவரிடம் யாரும் சாட்சி கேட்கப்போவதில்லை.

அந்தச் சொல்லை நான் முதலில் கேட்டது பத்து வயதில். எங்கள் தோட்டத்து வெள்ளைக்காரத் துரை ஒரு நாள் விருந்தாளியோடு பள்ளிக்கூடத்துக்கு வந்தார். விருந்தாளி எங்களைக் காட்டி ஏதோ கேட்க, துரை, இவர்கள் நேட்டிவ்கள் இல்லை, நேட்டிவ்கள் கீழே கிராமத்தில் இருக்கிறார்கள், இவர்கள் அக்கரையிலிருந்து கூலிக்குக் கொண்டுவந்தவர்கள் என்றார். எனக்குத் தெரிந்த இங்கிலீஷுக்கு அவ்வளவும் புரிந்துவிட்டது. துரை அந்தச் சொல்லைச் சொன்ன தோரணையைப் பார்த்து, நேட்டிவ் என்றால் ஏதோ குறை போலிருக்கிறது, நல்லவேளை நமக்கு அது இல்லை என்று நான் சந்தோஷப்பட்டேன். சாயங்காலம் அப்பாவிடம் பெருமையாகச் சொன்னேன். அப்பா கம்பளியைப் போர்த்திக்கொண்டு, வழக்கம்போல ஊரில் தாத்தா உழுத வாய்க்காலோரத்து முக்கால் காணியைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார். நாலு வயதில் என் தாத்தாவின் தோளில் உட்கார்ந்து அந்த ஊரை விட்டு வந்தவர் அவர். அந்த வயல் அவருக்கு நினைவிருக்க வழியே இல்லை. தாத்தா சொன்னதைத்தான் தான் பார்த்ததாகச் சொல்லிக்கொண்டிருந்தார் என்று இப்போது தெரிகிறது.

இந்த வருஷம் ஒரு ஆரம்பப் பள்ளியில் எனக்கு டீச்சர் வேலை கிடைக்கிற மாதிரி வந்தது. எல்லாம் சரி, நேட்டிவிட்டி சர்டிபிகேட் ஒன்று மட்டும் பதினைந்து நாளில் கொண்டுவர வேண்டும் என்றார்கள். தாலுகா ஆபீசில் குமாஸ்தா என் காகிதங்களைப் பார்த்துவிட்டு, "பிறந்தது சிலோன்னு இருக்கே, நேட்டிவ் எப்படிம்மா இங்க ஆகும்?" என்றார். பஸ்ஸில் தாத்தாவின் ஊரைக் கேட்கிறார்கள், ஆபீசில் பிறப்பைக் கேட்கிறார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் அவரே ஒரு வழியும் சொன்னார்: "அப்பா ஊர்ல மணியக்காரர் எழுதிக் கொடுக்கணும். பங்காளி ஒருத்தர், இவங்க எங்க ஆளுங்கதான்னு அவர்கிட்ட சொல்லணும்." அது கிடைக்காவிட்டால் அந்த வேலை வேறு ஒருவருக்கு.

ஞாயிற்றுக்கிழமை அப்பாவும் நானும் போனோம். மண்ணச்சநல்லூரில் இறங்கினால் ரைஸ்மில் களங்களில் அவித்த நெல் வாசனை. அங்கிருந்து இரண்டு மைல் நடை. அப்பாவின் சித்தப்பா மகன் தங்கவேலு வீட்டைத் தேடிப் பிடித்தோம். எனக்கு அவர் சித்தப்பா முறை. உட்கார வைத்து மோர் கொடுத்தார். தாத்தா பெயர், கொள்ளுத்தாத்தா பெயர், சிலோனுக்குப் போன வருஷத்துப் பஞ்சம் எல்லாம் அவரே சொன்னார். நாங்கள் யார் என்பதில் அவருக்குக் கொஞ்சமும் சந்தேகமில்லை. வயல் எந்தப் பக்கம் என்று அப்பா கேட்டதும், "வெயிலா இருக்குண்ணே, அப்புறம் பார்ப்போம்" என்றார். வந்த காரியத்தைச் சொன்னதும் சொம்பை எடுத்துக்கொண்டு உள்ளே போனவர் திரும்பி வர வெகுநேரம் ஆயிற்று.

"உங்களைத் தெரியாதுன்னு சொல்லலண்ணே. பெரியப்பா பங்கையும் சேர்த்துத்தான் எங்கப்பா காலத்துலேர்ந்து நாங்க உழுதுகிட்டு இருக்கோம். இப்ப நீங்க இந்த ஊருன்னு நான் மணியக்காரர்கிட்ட சொல்லி, அது சர்க்கார் காகிதத்துல ஏறிருச்சுன்னா..."

"நான் நெலம் கேட்டு வரல தம்பி."

"நீங்க கேக்க மாட்டீங்க. நாளைக்குப் பொண்ணைக் கட்டுறவன் வந்து, எங்க மாமனார் பங்கு எங்கன்னு நின்னா நான் என்ன பண்ணுவேன்?"

என்னைக் கட்டப்போகிறவன் யாரென்று எனக்கே தெரியாது. அவனுக்கு சித்தப்பா பயந்துகொண்டிருந்தார். கடைசியில் சுற்றி வளைத்து விஷயத்துக்கு வந்தார்: இந்த ஊர் நிலத்தில் தனக்கு எந்தப் பாத்தியதையும் இல்லை என்று அப்பா ஒரு விடுதலைப் பத்திரம் எழுதி ரிஜிஸ்தர் பண்ணிக் கொடுத்துவிட்டால், அன்றைக்கே மணியக்காரரிடம் சொல்லிவிடுவதாக. அவரை நான் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். நாலு பிள்ளைகளை வைத்துக்கொண்டு, இருக்கிற இரண்டு காணியை நம்பியிருக்கிற மனிதர். ஆனாலும் அன்றைக்கு அவர் முகத்தைப் பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை.

அடுத்த இரண்டு நாளும் அப்பா காலையில் எழுந்து கொள்ளிடக்கரை வரை நடந்துவிட்டு வருவார், சாப்பிடுவார், படுத்துக்கொள்வார். மாட்டேன் என்றும் சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை. தோட்டத்தில் நாற்பது வருஷம் மலையில் ஏறி இறங்கிய மனிதருக்கு அந்த முக்கால் காணி என்னவாக இருந்தது என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் மூன்றாம் நாள் சொன்னேன்: "கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருங்கப்பா. எனக்கு வேலை வேணும்." நான் சொல்லாமல் இருந்திருந்தால் அவர் போட்டிருக்க மாட்டார். இதை எழுதும்போதும் அது என்னை உறுத்துகிறது.

சப் ரிஜிஸ்தர் ஆபீஸ் வராந்தாவில் பத்திரம் எழுதுகிறவர் வாசித்துக் காட்டினார். இன்ன கிராமத்தில் வசித்த இன்னாருடைய பேரனும் இன்னாருடைய குமாரனுமான நான், பூர்வீகமாக எனக்குப் பாத்தியப்பட்ட நிலத்தை என்று ஆரம்பித்து, இனி எனக்கும் என் வாரிசுகளுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை என்று முடித்தார். "அந்த மொத வரிய இன்னொரு தரம் வாசிங்க" என்றார் அப்பா. அவர் வாசித்தார். அப்பா இந்த ஊர்க்காரர் என்று சொல்லும் காகிதம் ஒன்றை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. அப்பா தலையை ஆட்டிக் கேட்டுவிட்டு, மெதுவாக, எழுத்துக் கூட்டிக் கையெழுத்துப் போட்டார்.

அதற்குப் பிறகு சித்தப்பா வேறு மனிதராகிவிட்டார். அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டேதான் மணியக்காரர் வீட்டுக்குப் போனார். "எங்க பெரியப்பா மகன்தான், ரத்தம் எங்க போகும்?" என்று தெருவில் எதிர்ப்பட்டவர்களிடமெல்லாம் சொன்னார். மணியக்காரர் அங்கேயே எழுதிக் கொடுத்தார். சாப்பிடாமல் போகக்கூடாது என்று சித்தி இலை போட்டார். அப்பா பாதி இலையோடு எழுந்துவிட்டார். "வாங்கண்ணே, வயலைப் பார்க்கலாம்" என்று சித்தப்பா தானாகவே கிளம்பினார். வெயில் அன்றும் அப்படித்தான் இருந்தது.

வாய்க்காலைத் தாண்டி வரப்பில் வரிசையாக நடந்தோம். நடவு முடிந்து பத்து நாள் ஆகியிருக்கும், பயிர் பச்சை பிடித்திருந்தது. ஓர் இடத்தில் சித்தப்பா நின்று, கையை நீட்டி, "இங்கேர்ந்து அந்த மடை வரைக்கும். இதுதான் பெரியப்பா உழுதது" என்றார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சேற்றில் இறங்கினார். "எறங்குங்கண்ணே, நம்ம வயல்தானே" என்று கையை நீட்டினார். மனசாரத்தான் சொன்னார். அப்பா செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்தார். ஒரு காலைத் தூக்கினார். பிறகு அந்தக் காலை வரப்பிலேயே வைத்துவிட்டார்.

"வேணாம் தம்பி. எனக்கு மலையிலதான் நடக்கத் தெரியும். பயிரை மிதிச்சிருவேன்."

சித்தப்பா நீட்டிய கையோடு கொஞ்ச நேரம் நின்றார். அப்பா செருப்பைக் கையில் பிடித்தபடி வரப்பிலேயே நின்றார், ஒரு பக்கமும் இறங்கவில்லை. நான் அவருக்குப் பின்னால் நின்றேன். என் கையில் மணியக்காரர் எழுதிக் கொடுத்த காகிதம் இருந்தது. இவர்கள் இந்தக் கிராமத்தைப் பூர்வீகமாக உடையவர்கள் என்று அதில் எழுதி, முத்திரையும் போட்டிருந்தது.