லேசான இரும்பு

"கோவேறு கழுதையை வித்துட்டு சைக்கிளா வாங்கிட்டு வந்து நிக்கிற? உனக்கு மூளை இருக்கா, இல்ல அதையும் சந்தையில வித்துட்டியா?"

"கத்தாதடி! இது சாதா சைக்கிள் இல்ல. முன்னாலயும் ஸ்பிரிங், பின்னாலயும் ஸ்பிரிங். பாறை மேல விட்டாலும் மெத்தையில போற மாதிரி போகும்."

"உன் மெத்தை மேல மாவு மூட்டை ஏத்த முடியுமா? விறகு கட்ட முடியுமா?"

"லேசான இரும்புடி! ஒரு விரல்ல தூக்கலாம்!"

"உன்னையும்தான் ஒரு விரல்ல தூக்கலாம். அதனால எனக்கு என்ன லாபம்?"

இந்தப் பக்கம் நான் தையலை நிறுத்திவிட்டேன். எங்கள் வீட்டுக்கும் யம்னா வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். அதில் ஒரு கல் பெயர்ந்த ஓட்டை உண்டு; அவர்கள் முற்றமும், திறந்த வாசல் வழியே சந்தும் தெரியும். என் வீட்டில் அதுதான் தொலைக்காட்சி. ஊரார் என்னை வம்புக்காரி என்பார்கள். சொல்லிக்கொள்ளட்டும். ஆனால் பொய்க்காரி என்று அட்லஸ் மலையில் ஒருவரும் சொன்னதில்லை. அந்த ஓட்டை வழியாக நான் பார்த்ததைத்தான் சொல்லப்போகிறேன். பேய் பார்க்க நடுராத்திரி வேண்டும் என்று நினைக்கிறவர்கள் எங்கள் அகுனி கிராமத்துக்கு வந்ததில்லை. நான் பார்த்ததெல்லாம் வெளிச்சத்தில்.

யம்னாவின் புருஷன் ஹத்து கழுதையை விற்றதற்குக் காரணம் இருந்தது. மூத்த பையன் போன வருடம் படகு ஏறினான். ஸ்பெயின் கரைக்கும் போய்ச் சேரவில்லை, திரும்பியும் வரவில்லை. மிச்சம் இருந்தது இளையவன் பாசு. அவனும் படகுக்காரனிடம் பேசிக்கொண்டிருந்தான். ஊற்றுக் கணவாய்க்கு அந்தப் பக்கம் வெளிநாட்டுக்காரர்கள் ஒரு முகாம் போட்டிருந்தார்கள். மலைச் சைக்கிள் ஓட்டத் தெரிந்து, சொந்த வண்டியும் இருந்தால் வழிகாட்டி வேலை. அந்த வேலை கிடைத்தால் பாசு தங்குவான். கிடைக்காவிட்டால் கடல்.

அது புரிந்ததும் யம்னா கத்துவதை நிறுத்தினாள். மகன் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"எங்கயும் போயிடாதடா."

மறுநாள் வண்டியைப் பார்க்க ஊரே வந்தது. பச்சை நிறம். தடித்த குழாய்கள். உட்காரும் இடத்துக்குக் கீழே ஒரு ஷாக் அப்சார்பர், அதன் தண்டில் ஒரு சின்ன ரப்பர் வளையம். ஆள் உட்கார்ந்தால் தண்டு அமுங்கும், வளையம் நகரும். எவ்வளவு கனம் ஏறியது என்று அது காட்டிக்கொடுத்துவிடும்.

"குழந்தையில இருந்து கிழவி வரைக்கும் யார் வேணா ஓட்டலாம். தூடா அத்தை, நீங்க உக்காருங்க" என்றான் பாசு.

உட்கார்ந்தேன். வளையம் கடைசி வரை போய் நின்றது.

"அத்தை, இது வண்டி. மாவு மில்லு இல்ல!"

என் மகள் இஜ்ஜா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவள்தான் பாசுவுக்கு நிச்சயமானவள். வருங்கால மாமியாரைக் கேலி செய்கிற மாப்பிள்ளை. எனக்குக் கோபம்தான். உள்ளுக்குள் பிடித்தும் இருந்தது.

கணவாயில் ஒரு ஊற்று இருக்கிறது. அங்கே அவர்கள் இருக்கிறார்கள். பெயரைச் சொல்லமாட்டோம். அவர்களுக்கு இரும்பும் ஆகாது, உப்பும் ஆகாது. அதனால் யாரும் இரும்பு இல்லாமல் அந்த வழி போவதில்லை. கழுதைமேல் போனால் பயமில்லை, நாலு லாடம் இருக்கிறது. நடந்து போனால் இடுப்பில் கத்தி.

பாசு அந்த முகாமின் வேலைத் தேர்வுக்குக் கிளம்பிய காலையில் ஹத்து தன் கத்தியை நீட்டினார்.

"எதுக்குப்பா? இரும்பு மேலேயேதானே உக்காந்து போறேன்" என்றான்.

யம்னா தலையாட்டினாள். ஹத்து தலையாட்டினார். ஓட்டைக்கு இந்தப் பக்கம் நானும்.

அந்த வண்டி மிதித்தால் சத்தமே போடாது. மிதிக்காமல் சும்மா உருளும்போதுதான் பின்சக்கரம் டிக்… டிக்… டிக்… என்று எண்ணும். ஊரிலிருந்து முதல் இறக்கத்தில் அந்தச் சத்தம் தேய்ந்துகொண்டே போனது. யம்னா அது அடங்கும்வரை வாசலில் நின்றாள்.

சாயங்காலம் மணி நாலே கால். அஸர் தொழுகைக்கான பாங்கு அப்போதுதான் முடிந்திருந்தது.

டிக்… டிக்… டிக்…

"வந்துட்டான்!" யம்னா ஓடினாள். நான் ஓட்டைக்கு ஓடினேன்.

எங்கள் சந்து செங்குத்தான ஏற்றம். கழுதையே இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்கும். மிதிக்காமல் யாரும் ஏற முடியாது.

பாசு மிதிக்கவில்லை. கால்கள் அசையவே இல்லை. டிக்… டிக்… என்று உருண்டே மேலே வந்தான்.

"வேலை கிடைச்சுச்சா?"

"கிடைச்சிருச்சு."

"படகு?"

"எங்கயும் போகல."

யம்னா அழுதாள். சூடான ரொட்டியும் எண்ணெயும் வைத்தாள். அவன் ஒரு வாய் பிட்டான். கீழே வைத்தான்.

"உப்பு."

"பத்தலையா?"

"உப்பு இருக்கு."

அவள் மறுபடி மாவு பிசையும் சத்தம் கேட்டது. உப்பில்லாமல்.

நான் இதையெல்லாம் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஏற்றத்தில் என் கண் ஏமாந்திருக்கும். பயணக் களைப்பில் நாக்கு செத்திருக்கும். நிச்சயம் செய்த பெண்ணின் தாய் மனம் இப்படித்தான் சமாதானம் தேடும்.

மறுநாள் காலை அவன் வேலைக்குக் கிளம்பினான். வண்டி சுவரில் சாய்ந்து நின்றது. ரப்பர் வளையம் மேலே, தன் இடத்தில். பாசு ஏறி உட்கார்ந்தான்.

வண்டி அமுங்கவில்லை.

வளையம் ஒரு நூல்கூட நகரவில்லை. துணி காயப்போட்ட மாதிரி உட்கார்ந்திருந்தான்.

என் பக்கம் திரும்பினான். நேராக ஓட்டையைப் பார்த்தான். அத்தை என்று கூப்பிடவில்லை. கேலியும் செய்யவில்லை.

போய்விட்டான்.

அன்று மாலை அவன் வந்து உள்ளே போனதும், சல்லடை கேட்கிற சாக்கில் அவர்கள் முற்றத்துக்குப் போனேன். சிந்திய ஊசி பொறுக்க ஒரு காந்தம் வைத்திருப்பேன். மடியில் அதையும் எடுத்துப் போனேன். ஏன் என்று கேட்காதீர்கள். கை எடுத்தது.

வண்டி தனியாக நின்றது.

வளையம் கடைசியில் இருந்தது. பின்பக்கம் முழுதாக அமுங்கியிருந்தது.

மேலே யாரும் இல்லை.

பிஸ்மில்லா சொல்லிக் காந்தத்தைப் பச்சைக் குழாயில் வைத்தேன். நழுவியது. மறுபடி வைத்தேன். நழுவியது. பெயிண்ட் உரிந்த இடத்தை நகத்தால் சுரண்டினேன். வெள்ளையாக… நான் குஸ்குஸ் ரவை வேகவைக்கிற சட்டி மாதிரி. அலுமினியம். சங்கிலியில் காந்தம் ஒட்டியது, அது மட்டும் இரும்பு; அதுவும் மண்ணையோ ஆளையோ தொடாத இரும்பு. அவன் உட்கார்ந்து போன வண்டியின் உடம்பு இரும்பே இல்லை.

அப்போது…

ஸ்ஸ்ஸ்ஸ்…

ஷாக் மெல்ல மேலே எழும்பியது. மேலே இருந்த கனம் இறங்குகிற மாதிரி.

என் முன்னால். ஒரு முழம் தள்ளி.

மண்ணில் ஏதோ நின்றது. தடம் இல்லை. காற்று மட்டும் என் முகத்தில் ஈரமாக… ஊற்று வாடை.

ஓடினேன்.

காந்தம் அங்கேயே கிடந்தது.

மறுநாள் யம்னாவை அடுப்படியில் பிடித்தேன்.

"யம்னா, அவன் உக்காந்தா வண்டி அமுங்கல."

"இளைச்சுட்டான். புது வேலை."

"உப்பு திங்க மாட்டேங்கறான்."

"வயிறு சரியில்ல."

"யம்னா… அது பாசு இல்லடி."

அவள் மாவுக் கையோடு நிமிர்ந்தாள். கோபமே இல்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

"தூடா, உன் பொண்ணு உன் பக்கத்துலயே இருக்கா. வாயை மூடிட்டுப் போ."

நிச்சயதார்த்தத்தை முறித்தேன். ஊரில் என்னைக் கிழி கிழியென்று கிழித்தார்கள். வேலை கிடைத்த மாப்பிள்ளையை வேண்டாம் என்கிற திமிர் பாருங்கள் என்றார்கள். குளிர்காலம் முழுவதும் பாசு காலையில் போனான், மாலையில் வந்தான். கணவாயில் பனி ஆளுயரம். கழுதைகள்கூடப் போகவில்லை. அவன் போனான். ஹத்து ஒரே வீட்டில் இருந்துகொண்டு மகன் முகத்தைப் பார்க்காமல் வாழக் கற்றுக்கொண்டார். ஒரு நாள் என்னிடம் மட்டும் கேட்டார்.

"தூடா… உன்கிட்ட காந்தம் இருக்குமே. ஒட்டுச்சா?"

"சங்கிலியில மட்டும்" என்றேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

பனி உருகியதும் ஆட்டுக்காரர்கள் கணவாய்க்குக் கீழே பள்ளத்தில் ஒரு உடலைக் கண்டார்கள். காவலர்கள் கழுதைமேல் கொண்டுவந்து பள்ளிவாசல் முன்னால் கிடத்தினார்கள். குளிரில் முகம் கெடாமல் இருந்தது. சட்டை முழங்கையில் ஒட்டுப் போட்டிருந்தது. அந்தத் தையல் என்னுடையது. என் கண்ணை நானே ஏமாற்ற முடியவில்லை.

ஹத்து மண்டியிட்டு அலறினார்.

யம்னா வந்தாள். குனிந்து பார்த்தாள். முகத்தில் ஒட்டியிருந்த மண்ணைத் தலைத்துணியின் நுனியால் துடைத்தாள். ரொம்ப நேரம் துடைத்தாள்.

"பாவம், யார் பெத்த புள்ளையோ" என்றாள். "என் பையன் வீட்டுல சாப்பிட்டுட்டு இருக்கான்."

மேலே அவள் வீட்டு முற்றத்திலிருந்து கேட்டது. டிக்… டிக்… டிக்…

அங்கே நின்ற அத்தனை பேரும் கேட்டோம். யாரும் தலையைத் தூக்கவில்லை.

மருத்துவர் சொன்னது பிறகுதான் தெரிந்தது. இறந்தது இலையுதிர் காலத்தில், பாசு தேர்வுக்குக் கிளம்பிய சமயம். அவன் விழுந்தது ஏறிப் போகிற பக்கம், ஊற்றுக்குச் சற்று முன்னால். முகாமிலும் விசாரித்தார்கள். தேர்வு நாளன்று அகுனியிலிருந்து யாரும் வரவில்லை. அதற்குப் பிறகும் எந்த நாளும் யாரும் வரவில்லை.

அப்படியானால் அவன் காலையில் எங்கே போய்க்கொண்டிருந்தான்? தெரியாது. யாரும் பின்னால் போய்ப் பார்க்கவில்லை. இவ்வளவு வம்பு பேசுகிற நானும் போகவில்லை.

என் இஜ்ஜாவை அந்த வருடமே அகாதிரில் ஒரு லாரி டிரைவருக்குக் கட்டிக்கொடுத்தேன். கடற்கரையில் வீடு, இரண்டு குழந்தைகள். நானும் அவளோடு வந்துவிட்டேன். ஹத்து மராகேஷுக்குப் போய் ஒரு விதவையைக் கட்டிக்கொண்டார் என்று கேள்வி. ஊரில் மற்ற வீட்டுக்காரர்களும் ஒவ்வொருவராகச் சமவெளிக்கு இறங்கிவிட்டார்கள். இப்போது அகுனியில் ஒரே ஒரு வீட்டில்தான் புகை வருகிறதாம்.

பாசு மட்டும் எங்கேயும் போகவில்லை.

யம்னா கேட்டதும் அது ஒன்றைத்தானே.