மார்க்குக்குப் படித்த பிரெஞ்சு

பச்சை அட்டை போட்ட என் பிரெஞ்சு நோட்டு இன்னும் ஞாபகம் இருக்கிறது. ஒவ்வொரு வரிக்கு மேலும் பென்சிலால் தமிழில் உச்சரிப்பு எழுதி வைத்திருப்பேன். நாம் 'போனேன்' என்று ஒரே சொல்லில் முடிப்பதை அவர்கள் அப்படி முடிக்க மாட்டார்கள். நடந்து முடிந்ததைச் சொல்ல, முன்னால் ஒரு துணைவினை வந்து நிற்க வேண்டும். பெரும்பாலான வினைகளுக்கு 'அவ்வார்'. போவது, வருவது, பிறப்பது, சாவது போன்ற சிலவற்றுக்கு 'எத்ர்'. இதையெல்லாம் பார்க்காமல் எழுதுவேன். பேசச் சொன்னால் ஒரு வாக்கியம் வராது. பிளஸ் டூவில் பிரெஞ்சு எடுத்த நாங்கள் எல்லோரும் அப்படித்தான். மார்க் அள்ளலாம் என்று எடுத்தது. பாதி விடையை இங்கிலீஷிலேயே எழுதிவிடலாம். இது நைனாவுக்கு எப்படித் தெரியும்?

நைனா அம்பத்தூரில் ஒரு கம்பெனியில் இரும்புத் தகட்டை அழுத்தி வெட்டும் பிரஸ் மெஷின் ஓட்டினார். எங்கள் குடும்பத்தில் வயல் கூலியை விட்டு மெஷினைத் தொட்ட முதல் ஆள். எண்பதுகளின் கடைசியில் அங்கே பிரான்சிலிருந்து ஒரு புது பிரஸ் வந்தது. அதை மாட்டிக் கொடுக்க இங்கிலீஷ் தெரியாத ஒரு வெள்ளைக்காரரும் வந்தார். ஒரு சனிக்கிழமை அவருடைய மொழிபெயர்ப்பாளர் வரவில்லை. "எம் பொண்ணு கீது சார், பிரெஞ்சு படிக்குது" என்று சூப்பர்வைசரிடம் சொல்லிவிட்டு, நைனா சேக்காட்டிலிருந்த எங்கள் வீட்டுக்கு சைக்கிளை மிதித்து வந்து என்னை ஏற்றிக்கொண்டு போனார். மாட்டேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வழியெல்லாம் அவர் முதுகு அவ்வளவு நிமிர்ந்திருந்தது.

வெள்ளைக்காரர் மெஷினைக் காட்டி மளமளவென்று பேசினார். ஐயோ, ஒரு சொல்கூடப் பிடிபடவில்லை! சுற்றி நின்ற அத்தனை பேரும் என் வாயையே பார்த்தார்கள். பயத்தில் மனப்பாடம்தான் வந்தது. "ழ சுயி அலே, த்யு எ அலே..." நான் போனேன், நீ போனாய். அவர் குழம்பிப்போய் என்னைப் பார்த்துவிட்டு, மறுபடி மெதுவாக ஏதோ சொன்னார்.

"இன்னாமா சொல்றாரு?" என்றார் சூப்பர்வைசர்.

"எல்லாம் முடிஞ்சிடுச்சாம் சார். ஓட்டலாமாம்."

எப்படிச் சொன்னேனோ, சொல்லிவிட்டேன். சூப்பர்வைசர் நைனாவின் தோளில் தட்டி, "திங்கக்கெழம நீதான்யா மொதல்ல ஓட்ற" என்றார். நைனா பூரித்துப்போனார்.

திரும்பும்போது கேரியரில் உட்கார்ந்திருந்த எனக்கு, ஹேண்டில்பாரைப் பிடித்திருந்த அவர் கைகள்தான் கண்ணில் பட்டன. பிரஸ்ஸில் விரலைக் கொடுத்தவர்கள் எங்கள் தெருவிலேயே இரண்டு பேர் இருந்தார்கள். திருமுல்லைவாயில் வருவதற்குள் அவர் சட்டையைப் பிடித்து இழுத்துவிட்டேன்.

"நைனா, அவரு இன்னா சொன்னாருன்னே எனக்குத் தெரியாது. அந்த மெஷின தொடாத நைனா."

சைக்கிள் நின்றது. அடிப்பார் என்று நினைத்தேன். கம்பெனிப் பக்கமே சைக்கிளைத் திருப்பினார்.

அதே ஆட்கள் முன்னால் போய் நின்று, "எம் பொண்ணுக்குப் பேச வராது சார். நான்தான் தெரியாம இட்டாந்துட்டேன்" என்றார். பொய் சொன்னது நான் என்று அவர் சொல்லவேயில்லை. "இன்னா அண்ணாத்தே, பீலா உட்டியா?" என்று ஒருவர் கேட்க, எல்லோரும் சிரித்தார்கள். நைனா தலையைக் குனிந்துகொண்டார்.

திங்கட்கிழமை மொழிபெயர்ப்பாளர் வந்துவிட்டார். சாயங்காலம் வீட்டுக்கு வந்த நைனா, "கை உள்ள போவாம தடுக்குற கம்பி இன்னும் மாட்டலியாம். அத்த மாட்டாம ஓட்டவே கூடாதுன்னுதான் அன்னிக்கு அந்த வெள்ளக்காரரு சொல்லிக்கீறாரு" என்றார்.

நைனாவுக்கு இப்போது எழுபது தாண்டிவிட்டது. அவர் சோறு பிசையும்போது ஐந்து விரலும் இருக்கின்றனவா என்று எண்ணிவிட்டுத்தான் இன்றும் நான் என் தட்டில் கை வைக்கிறேன்.